அடுத்த பாகம் பார்த்துவிட்டு எப்படிப் பேசுவது? எல்லையோர ரசிகர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சூப்பர் ஹீரோ படமோ விண்வெளிக் கதையோ, அடுத்த பாகம் வெளியான அன்று ராத்திரி நம் வாட்ஸ்அப் குழுக்களில் என்ன ஓடுகிறது என்று பாருங்கள். ‘வேற லெவல்’, ‘மொக்கை’, ‘முதல் பாகம் கிட்டகூட வரல’. மூன்று மணி நேரம் உட்கார்ந்து சிரித்து, பதறி, கண் கலங்கி வந்த ஒருவர், கடைசியில் இரண்டு வார்த்தையோடு முடித்துக்கொள்கிறார். அவர் அனுபவித்தது எதுவும் அடுத்தவருக்குப் போய்ச் சேர்வதில்லை.

கும்மிடிப்பூண்டி, எளாவூர், ஆரம்பாக்கம், தடா, சூலூர்பேட்டை என்று தமிழ்நாடு–ஆந்திர எல்லையில் ரயில் பாதையை ஒட்டி வாழும் நமக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. ஒரே வீட்டில் தங்கை சென்னையில் தமிழ் டப்பிங்கில் பார்த்திருப்பாள், அண்ணன் சூலூர்பேட்டையில் தெலுங்கில் பார்த்திருப்பான், கல்லூரி விடுதியில் இருக்கும் மாமா பையன் ஆங்கிலத்தில் பார்த்துவிட்டு வந்திருப்பான். மூன்று பேரும் ஒரே திண்ணையில் உட்கார்ந்தால் பேச்சுக்குப் பஞ்சமே இருக்கக் கூடாது. ஆனாலும் பெரும்பாலும் அது கத்தலில்தான் முடிகிறது. அதைச் சரிசெய்ய என் கையில் இருப்பது ஒரே கேள்வி. யார் எதைச் சொன்னாலும், பாராட்டோ திட்டோ, “எந்தக் காட்சியில?” என்று கேளுங்கள். கீழே வரும் எல்லாமே இந்தக் கேள்விக்கு நல்ல பதில் கிடைக்கச் செய்யும் ஏற்பாடுகள்தான்.

முதலில்: எதைப் பார்த்துவிட்டுப் போக வேண்டும்

பழைய படங்கள் அத்தனையையும் பார்த்துவிட்டுத்தான் வர வேண்டும் என்று யாரையும் மிரட்டாதீர்கள். அப்படிச் சொன்னால் பாதிப் பேர் வரமாட்டார்கள். ஒவ்வொரு படத்துக்கும் தேவை வேறு. ‘டியூன்’ இரண்டாம் பாகம் (2024), 2021-இல் வந்த முதல் பாகம் விட்ட இடத்திலேயே தொடங்குகிறது. முதல் பாகம் பார்க்காமல் போனால் யார் யாரைக் கொன்றார்கள், கதாநாயகன் பாலும் (Paul) அவன் அம்மாவும் ஏன் பாலைவனத்தில் அலைகிறார்கள் என்பதே புரியாது. ‘அவதார்: தி வே ஆஃப் வாட்டர்’ (2022) அப்படியில்லை. 2009-இல் வந்த முதல் படத்தின் முடிவை யாராவது ஐந்து நிமிடத்தில் சொல்லிவிட்டால் போதும். 2025 டிசம்பரில் வந்த மூன்றாம் பாகத்துக்கு, இரண்டாம் பாகத்தின் கடைசி அரை மணி நேரம் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். மூத்த மகனை இழந்த குடும்பத்தின் துக்கத்தில்தான் அந்தக் கதை நிற்கிறது.

‘டெட்பூல் அண்ட் வுல்வரின்’ (2024) இன்னொரு வகை. அதன் நகைச்சுவையில் பாதி, வேறு கம்பெனிகள் எடுத்த பழைய படங்களை வைத்துத்தான். அதற்கு 2017-இல் வந்த ‘லோகன்’ படத்தைப் பார்த்துவிட்டுப் போனால் ஆரம்பக் காட்சியே வேறு மாதிரி இறங்கும். ஆனால் அது பெரியவர்களுக்கான படம், வீட்டுக் குழந்தைகளை அந்தக் கூட்டத்தில் சேர்க்க வேண்டாம்.

நேரம் இல்லை என்றால், முந்தைய பாகத்தின் கடைசி இருபது நிமிடத்தை மட்டும் பாருங்கள். கதை எங்கே நின்றது, எந்தக் கேள்வி மிச்சம் இருக்கிறது என்பது அதில் தெரிந்துவிடும். பிறகு ஒரு தாளில் மூன்று வரி எழுதுங்கள்: இந்தப் பாகத்தில் எனக்கு என்ன தெரிய வேண்டும், யார் திரும்பி வர வேண்டும், எது நடக்கக் கூடாது என்று பயப்படுகிறேன். பின்னால் இது மிகவும் உதவும்.

எந்த மொழி, எந்த அரங்கம், எத்தனை மணிக் காட்சி

மொழியைக் குழுவுக்குள் பிரித்துக்கொள்ளுங்கள். எல்லோரும் ஒரே மொழியில் பார்த்தால் நம் ஊரின் வசதி வீணாகிவிடும். ‘ஸ்பைடர்-மேன்: அக்ராஸ் தி ஸ்பைடர்-வெர்ஸ்’ 2023-இல் இந்தியாவில் பத்து மொழிகளில் வந்தது. தமிழ், தெலுங்கு, மலையாளம் மூன்றும் அதில் உண்டு. டப்பிங்கில் நகைச்சுவை மாறும், கோபத்தின் அளவு மாறும், சில இடங்களில் ஒரு பாத்திரத்தின் குணமே மாறிப்போகும். 2019-இல் ‘அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்’ தமிழில் வந்தபோது வசனம் ஏ.ஆர்.முருகதாஸ், அயர்ன் மேனுக்குக் குரல் விஜய் சேதுபதி. முந்தைய பாகங்களில் வேறு குரலைக் கேட்டுப் பழகியிருந்த பலர் வருத்தப்பட்டார்கள். அந்த வருத்தத்தை மூன்று மொழியில் பார்த்தவர்கள் கூடிப் பேசியிருந்தால், குறை கதையிலா குரலிலா என்று பிரித்துப் பார்த்திருக்கலாம். ஒரே மொழிக் கூட்டத்தில் அது முடியாது.

அரங்கம் என்று வந்தால், சூலூர்பேட்டையில் நெடுஞ்சாலையோரம் 2019 ஆகஸ்டில் திறந்த வி எபிக் இருக்கிறது. 100 அடிக்கு மேல் அகலமான திரை, 600-க்கும் மேற்பட்ட இருக்கைகள். சென்னையிலிருந்தே ஆட்கள் வண்டி கட்டிக்கொண்டு வருகிறார்கள். கடல், பாலைவனம், விண்வெளி என்று விரியும் கதைக்கு அந்தத் திரை நியாயம் செய்கிறது. ஆனால் அவ்வளவு பெரிய திரைக்கு முன்வரிசை வேண்டாம். மூன்று மணி நேரம் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு வருபவர், கழுத்து வலியைப் படத்தின் கணக்கில் எழுதிவிடுவார்.

காட்சி நேரத்தைக் கணக்குப் போட்டுத்தான் எடுக்க வேண்டும். ‘தி வே ஆஃப் வாட்டர்’ 192 நிமிடம், அதாவது 3 மணி 12 நிமிடம். விளம்பரமும் இடைவேளையும் சேர்ந்தால் நாலு மணி நேரத்துக்குப் பக்கம் வரும். கும்மிடிப்பூண்டிக்கு வடக்கே மின்சார ரயில்கள் குறைவு என்பது நமக்குத் தெரிந்ததுதான். ராத்திரிக் காட்சிக்குப் போனால் கடைசி ரயிலைப் பிடிக்கும் அவசரத்தில் முடிவும் மனசில் நிற்காது, பேச்சும் நடக்காது. மதியக் காட்சிதான் இதற்கு ஏற்றது. முடிந்து வெளியே வந்தால் வெளிச்சம் இருக்கும், டீ கிடைக்கும், பேச நேரம் இருக்கும்.

பெயர்ப் பட்டியல் ஓடும்போது எழுந்துவிடாதீர்கள். ‘ஸ்பைடர்-மேன்: நோ வே ஹோம்’ (2021) போன்ற மார்வெல் படங்களில் அதற்கு நடுவிலும் முடிவிலும் காட்சிகள் உண்டு. ‘எண்ட்கேம்’ படத்தில் அப்படி எதுவும் கிடையாது. கடைசியில் இரும்பைச் சம்மட்டியால் தட்டும் சத்தம் மட்டும் கேட்கும். அயர்ன் மேனான டோனி ஸ்டார்க் தன் முதல் படத்தில் குகைக்குள் தன் கவசத்தைச் செய்த அந்தத் தட்டல்தான் அது என்று பலர் சொல்வார்கள். அதை உட்கார்ந்து கேட்டவர்களுக்கும் கேட்காமல் போனவர்களுக்கும் அந்த நாளின் முடிவு ஒன்றல்ல.

இடைவேளையில் ஒரே ஒரு வேலை

ஹாலிவுட்காரர்கள் இடைவேளை வைத்துப் படம் எடுப்பதில்லை. நம் தியேட்டரில் நடுவில் வெட்டிக் கொடுக்கிறார்கள். ரசனைக்கு இது இடைஞ்சல் என்று சொல்வார்கள், எனக்கு அதில் ஒரு லாபம் தெரிகிறது. பாப்கார்ன் வரிசையில் நிற்கும்போது ஒவ்வொருவரும் ஒரு ஊகத்தைச் சொல்லிவிடுங்கள்: இனி என்ன ஆகும்? விமர்சனம் வேண்டாம், ஊகம் மட்டும். படம் நம் ஊகத்தை எங்கே முந்தியது, எங்கே நாம் நினைத்தபடியே போய்ச் சலிப்பூட்டியது என்று பிறகு சொல்ல இது ஒன்றே போதும்.

வெளியே வந்ததும்

வண்டி நிறுத்தும் இடத்திலேயே ஆரம்பிக்கும் ‘எத்தனை ஸ்டார்?’ கேள்விக்குப் பதில் சொல்லாதீர்கள். ஸ்டார் சொல்லிவிட்டால் அதற்கப்புறம் அந்த எண்ணைக் காப்பாற்றத்தான் பேசுவோம். பதிலாக ஆளுக்கு ஒரு காட்சி சொல்லுங்கள். கண்ணை மூடினால் எது முதலில் வருகிறதோ அது. காரணம் கேட்க வேண்டாம், மறுத்துப் பேசவும் வேண்டாம். வயதில் சின்னவர்கள் முதலில் சொல்லட்டும். பெரியவர்கள் தொடங்கினால், “அண்ணா சொன்னதுதான் எனக்கும்” என்று அதுங்க பின்னால் போய்விடும்.

ஸ்பாய்லர் ஒப்பந்தம்

படம் பார்க்காதவரிடம் கதையைப் போட்டு உடைப்பதுதான் ஸ்பாய்லர். அதைத் தடுக்கும் ஒப்பந்தத்தைப் படம் வருவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். குழுவை இரண்டாகப் பிரியுங்கள், பார்த்தவர்கள் ஒன்று, பார்க்காதவர்கள் ஒன்று. டிக்கெட் போட்டோவை அனுப்பினால் மட்டும் முதல் குழுவில் சேர்க்கலாம். பொதுக் குழுவில் முதல் ஞாயிறு தாண்டும் வரை கதை பற்றி ஒரு வார்த்தை வரக் கூடாது. ‘கடைசில ஒருத்தர் வருவாரு பாரு’ என்பதும் ஸ்பாய்லர்தான். யார் என்று சொல்லாவிட்டாலும், பார்ப்பவர் படம் முழுக்க வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார்.

இன்னொன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். விசில் பறக்கும் காட்சியை ரீல்ஸ் போடுவதற்காகப் போனில் திரையோடு சேர்த்துப் பிடிப்பது சட்டப்படி குற்றம். 2023-இல் திருத்தப்பட்ட சினிமா சட்டத்தில் இதற்கு 3 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை உண்டு. அபராதம் 3 லட்ச ரூபாயில் ஆரம்பிக்கிறது, படத்தின் தயாரிப்புச் செலவில் 5 சதவீதம் வரை போகலாம். கூட்டத்தின் உற்சாகத்தைப் பதிவு செய்ய ஆசையா? வெளியே வந்து நண்பர்களின் முகத்தைப் பிடியுங்கள், அதுதான் பார்க்க நன்றாகவும் இருக்கும்.

உட்கார்ந்து பேசுவது

படம் பார்த்த அன்றே வேண்டாம். ஒரு ராத்திரி தூங்கி எழுந்த பிறகு, அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ கூடுங்கள். ஆறேழு பேருக்கு மேல் போனால் பேச்சு இரண்டாக உடையும். எல்லோரும் பழைய தாளையும் இடைவேளை ஊகத்தையும் கொண்டுவரட்டும்.

‘எந்தக் காட்சியில?’ எப்படி வேலை செய்யும் என்பதற்கு ஒரு மாதிரி. தம்பி ஒருவன் ‘தி வே ஆஃப் வாட்டர்’ லேக் என்கிறான்.

“எந்த இடத்துல லேக்?”

“அந்தக் கடல்காரங்ககிட்ட நீந்தக் கத்துக்கிற இடம்ணா. ரொம்ப நேரம் போகுது.”

“அங்க என்ன நடக்குது?”

“ஒண்ணும் நடக்கல. சண்டையே இல்ல. சின்னப் பையன் அந்தத் திமிங்கலம் மாதிரி இருக்கிறதோட பழகுறான், அவ்ளோதான்.”

“கடைசில அது வந்து கப்பலை அடிச்சப்ப நீ என்ன பண்ணே?”

“விசில் அடிச்சேன்.”

“அவன் பழகினதைக் காட்டாம இருந்தா அடிச்சிருப்பியா?”

தம்பி தன் கருத்தை மாற்றிக்கொள்ள வேண்டிய அவசியம் இல்லை. அந்தப் பகுதியைக் கொஞ்சம் சுருக்கியிருக்கலாம் என்று இப்போதும் சொல்லலாம். ஆனால் இப்போது அவன் சொல்வதை வைத்து மற்றவர்கள் பேச முடியும். அதே படத்தில் சில காட்சிகள் ‘டிவி சீரியல் மாதிரி வழவழன்னு இருக்கு’ என்று சிலர் சொல்வதற்கும் காரணம் உண்டு. வழக்கமான படம் நொடிக்கு 24 பிரேம், அதாவது 24 தனித்தனிப் படங்கள். இதில் பல காட்சிகள் 48 பிரேமில் எடுக்கப்பட்டு, அந்த வசதியுள்ள அரங்குகளில் அப்படியே ஓடின. பிரேம் கூடினால் அசைவு வழவழப்பாகத் தெரியும். கண் கண்டதைச் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது.

அடுத்து, முந்தைய பாகம் வைத்துவிட்டுப் போன பாக்கி, அதாவது அது எழுப்பிவிட்டு முடிக்காமல் விட்ட விஷயம். அடுத்த பாகம் என்றாலே இந்தக் கேள்வியைக் கேட்காமல் விடக் கூடாது. 2015-இல் வந்த அவெஞ்சர்ஸ் படத்தில் ஒரு விருந்தில் எல்லோரும் தோரின் சுத்தியலைத் தூக்கிப் பார்ப்பார்கள். தகுதியுள்ளவர் மட்டுமே தூக்கக்கூடிய சுத்தியல் அது. கேப்டன் அமெரிக்கா இழுக்கும்போது அது இம்மியளவு அசையும், தோரின் முகம் மாறும். நான்கு வருடம் கழித்து ‘எண்ட்கேம்’ சண்டையில் அந்தச் சுத்தியல் பறந்து வந்து கேப்டன் கையில் உட்கார்ந்தபோது அரங்கமே எழுந்து நின்றது. அந்த ஆரவாரம் 2015-இல் சேர ஆரம்பித்தது. பாக்கி தீர்ந்தது என்றால் இப்படித் தீர வேண்டும்.

நம் படத்திலேயே தீராத பாக்கிக்கு உதாரணம் இருக்கிறது. 2010-இல் வந்த ‘எந்திரன்’ எழுப்பிய கேள்வி பெரியது: உணர்ச்சி வந்துவிட்ட ஒரு இயந்திரத்தை மனிதர்கள் வாழ விடுவார்களா? சிட்டி தன்னைத்தானே கழற்றிக்கொள்ளும் காட்சியில் அது நம்மை உலுக்கியது. 2018-இல் ‘2.0’ வந்தபோது கதை பறவைகளுக்கும் செல்போன் கோபுரங்களுக்கும் போய்விட்டது. முப்பரிமாணத்தில் அது கண்ணுக்கு நிறைவான படம், அதில் பறவைகளுக்காகப் போராடும் பக்ஷிராஜனின் பழைய கதை எனக்கு இன்றும் பிடிக்கும். ஆனால் சிட்டிக்கு மனசு இருக்கிறதா என்ற கேள்வியை அது எடுத்துக்கொண்டு போகவில்லை. என் வருத்தம் அதுதான். உங்கள் குழுவில் மறுப்பவர் இருந்தால் அவரிடமும் காட்சியைக் கேளுங்கள்.

மூன்றாவது, படம் தானே போட்ட விதியைத் தானே காப்பாற்றுகிறதா என்று பார்ப்பது. அறிவியல் புனைவில் நிஜ விஞ்ஞானம் பிசகினால்கூடப் பொறுக்கலாம், சொன்ன விதி பிசகினால் கேட்க வேண்டும். ‘எண்ட்கேம்’ படத்தில் கடந்த காலத்தை மாற்றினாலும் உன் நிகழ்காலம் மாறாது என்று ஹல்க் விளக்குவார். அப்படியானால் கடந்த காலத்துக்குப் போய் அங்கேயே வாழ்ந்த கேப்டன், கடைசியில் ஏரிக்கரை பெஞ்சில் கிழவராக எப்படி உட்கார்ந்திருக்கிறார்? அவர் வாழ்ந்தது வேறொரு காலக்கிளை என்று இயக்குநர்கள் ஒரு விளக்கம் தந்தார்கள், இதே கிளைதான் என்று எழுத்தாளர்கள் வேறு விளக்கம் தந்தார்கள். படத்தைச் செய்தவர்களே ஒத்துப்போகாத இடம் இது. ஒரு முழு மாலையை இதற்கே தரலாம்.

நம் பக்கத்துப் பிள்ளைகள் இந்த மாதிரிக் கேள்விகளில் கெட்டிக்காரர்கள். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் கிளம்பும்போது வெளிச்சம் முதலில் தெரியும், உறுமல் அப்புறம்தான் வந்து ஜன்னலை அதிரவைக்கும் என்று மொட்டை மாடியில் நின்று கண்டவர்கள். திரையில் தூரத்தில் வெடிப்பதும் சத்தமும் ஒரே நொடியில் வந்தால் அவர்களுக்கு உறுத்தும். அந்த உறுத்தலைச் சொல்ல விடுங்கள்.

நான்காவது, மூலக்கதை தெரிந்தவர் ஒருவர் கூட்டத்தில் இருக்கட்டும். ‘டியூன்’ நாவல் 1965-இல் வந்தது. அதைப் படித்தவருக்குத் தெரியும், பாலின் தங்கை ஆலியா அதில் பிறந்து வளர்ந்து, சிறு குழந்தையாக இருக்கும்போதே எதிரியான பாரனைக் கொல்வாள். படத்தில் அவள் இன்னும் தாய் வயிற்றில் இருக்கிறாள், பாரனைக் கொல்வது பால். நாவலில் பாலுடன் நிற்கும் அவன் காதலி சானி, படத்தில் கோபித்துக்கொண்டு போகிறாள். ஏன் மாற்றினார்கள் என்று கேட்டால் பேச்சு சூடு பிடிக்கும்.

2024-இல் தெலுங்கிலிருந்து வந்த ‘கல்கி 2898 கி.பி.’ பாதியில் நிற்கும் கதை. அதைப் பேச, ஊரில் பாரதக் கூத்து பார்த்து வளர்ந்த பெரியவர் ஒருவரைக் கூப்பிடுங்கள். திருவள்ளூர், சித்தூர்ப் பக்கத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் படித்து, ராத்திரி முழுக்கக் கூத்து ஆடுவார்கள். இளம்பஞ்சபாண்டவரைத் தூக்கத்தில் கொன்றவன் அசுவத்தாமன், அபிமன்யுவின் மனைவி உத்தரையின் கருவையே அழிக்க அஸ்திரம் விட்டவன், அதனால்தான் நெற்றி மணியை இழந்து சாகாமல் அலையும் சாபம் பெற்றான் என்று அவர் சொல்லும்போது, ஒரு கர்ப்பிணிக்குக் காவல் நிற்கும் அமிதாப் பச்சனின் பாத்திரம் சட்டென்று விளங்கும். அன்று கருவைக் கொல்லப் போனவன் இன்று கருவைக் காக்கிறான். கிராபிக்ஸ் பற்றி எதுவும் தெரியாத ஒரு தாத்தா தருகிற திறவுகோல் இது. அவரிடம் ‘தாத்தா, இது சயின்ஸ் பிக்‌ஷன்’ என்று ஆரம்பித்து விளக்கவுரை நடத்தாதீர்கள். அவரைப் பேச விட்டுக் கேளுங்கள்.

சண்டை வந்தால்

வரும். ‘எனக்குப் பிடிக்கல’ என்பதையும் ‘அது சரியா வரல’ என்பதையும் பிரித்தாலே பாதி அடங்கிவிடும். 2024-இல் வந்த ‘ஜோக்கர்’ இரண்டாம் பாகம் பாடல்கள் நிறைந்த படம். 2019-இல் வந்த முதல் பாகத்தின் ரசிகர்களில் பலர் அதை எதிர்பார்க்கவில்லை. ‘ஜோக்கர் ஏன் பாடணும்?’ என்பது பிடிக்கவில்லை வகை, அதோடு வாதம் செய்து பயனில்லை. ‘நீதிமன்றக் காட்சி நடக்கும்போது பாட்டு வந்ததும் கதை அங்கேயே நின்னுடுது’ என்பது இன்னொரு வகை. இதற்கு மறுப்பும் சொல்லலாம், ஒப்பும் சொல்லலாம். நடிகரின் ரசிகர் மன்றச் சண்டை எட்டிப் பார்த்தால் டீ சொல்லிவிட்டு வேறு காட்சிக்குப் போய்விடுங்கள்.

எழுதி வைப்பது

பேசியதை எழுதுங்கள், நீளம் வேண்டாம். எந்த மொழியில் பார்த்தேன், முந்தைய பாகம் பார்த்தேனா, ஒரு காட்சி, அதில் எனக்கு என்ன ஆனது, பாக்கி தீர்ந்ததா. இப்படி:

‘டியூன் இரண்டாம் பாகம், ஆங்கிலத்தில் பார்த்தேன். முதல் பாகம் பார்த்திருக்கிறேன், நாவல் படிக்கவில்லை. பால் முதல் முறையாக மணற்புழு மேல் ஏறும்போது மணல் மேடு அப்படியே சரிந்து அவனையும் இழுத்துக்கொண்டு போகிறது. அந்தத் தூசியில் ஒன்றும் தெரியவில்லை, நாற்காலி மட்டும் அதிர்ந்தது. அவன் எழுந்து நின்றபோது நானும் அவன் பக்கம்தான். முடிவில் அவன் ஜெயித்தபோது கொண்டாட முடியவில்லை, ஏனென்றால் படம் அவன் முகத்தில் முடியாமல் சானியின் முகத்தில் முடிகிறது. முதல் பாகத்தில் அவனுக்கு வந்த கனவுகளுக்குப் பதில் கிடைத்தது, பயம் கூடிவிட்டது.’

இதைப் படித்தவர் படத்துக்குப் போகலாமா வேண்டாமா என்று தானே முடிவு செய்துகொள்வார்.

ஓ.டி.டி.யில் மறுபடி

சில மாதம் கழித்து வீட்டுக்கு வரும்போது, முதலில் பார்த்த மொழியை மாற்றிப் பாருங்கள். முழுப் படமும் தேவையில்லை, குழுவில் சண்டை நடந்த காட்சிகள் போதும். தெலுங்கில் பார்த்தவர் தமிழில், தமிழில் பார்த்தவர் ஆங்கிலத்தில். கருத்து மாறினால் பழைய குறிப்பை அழிக்காமல் கீழே தேதி போட்டு எழுதுங்கள். ‘அக்ராஸ் தி ஸ்பைடர்-வெர்ஸ்’ போல நடுவில் நிற்கும் கதைகளுக்கு, விடை தெரியாத கேள்விகளைத் தனித் தாளில் எழுதிக் குழுவில் பொறுப்பான ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். அடுத்த பாகத்தின் டிக்கெட் பதிவு ஆரம்பிக்கும் நாளில் அதைப் போட்டோ எடுத்துக் குழுவில் போட வேண்டியது அவர் பொறுப்பு.